சாப்பாட்டு நேரம் கேட்ட பம்பாய்க்காரர்

மதியச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? கை கழுவி, சாப்பிட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சு, சங்கு ஊதுறதுக்குள்ள மெஷின்கிட்ட போய் நிக்கணும். அரை மணி போதுமா? இந்தச் சின்னக் கேள்வியை ஊர் வேறு, பாஷை வேறு, மதம் வேறு என்று இருந்த ஒருவர் தன் கேள்வியாக எடுத்துக்கொண்டார். அவர்தான் பி.பி. வாடியா.

1881-இல் பம்பாயில் பிறந்தவர். பார்சி. வசதியான குடும்பம். பிரம்மஞான சபையில் சேர்ந்து சென்னை அடையாறுக்கு வந்தார். அன்னிபெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் உழைத்தார். சுயாட்சிக் கிளர்ச்சிக்காக 1917-இல் அம்மையாரோடு இவரையும் அரசாங்கம் காவலில் வைத்தது.

1918-இல் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர்களின் கஷ்டத்தை அவரிடம் கொண்டுபோனார்கள். வெள்ளைக்கார மேற்பார்வையாளர்களின் கடுமை, போதாத கூலி, அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை.

எங்க அப்பா கூலி வேலை செய்பவர். தூக்குச் சட்டியைத் திறந்து, பாதியை விழுங்கி, மீதியை மூடி வச்சுட்டு ஓடுறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் அந்த அரை மணி எனக்குப் புரிகிறது. ஆனால் வாடியா அந்த வாழ்க்கையே வாழாதவர். அவருக்கு எப்படிப் புரிந்தது? பத்திரிகை ஆபீசில் உட்கார்ந்து அனுதாபப்படாமல், பெரம்பூருக்கே போனார், அவர்கள் குறையைக் கேட்டார். அவர் பேசியதோ ஆங்கிலம். அதைத் தமிழாக்கித் தொழிலாளரிடம் சேர்க்க ஆட்கள் வேண்டியிருந்தது. அதற்காக அவர் ஒதுங்கவில்லை!

1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். தமிழ்த்தென்றல் திரு.வி.க. துணைத் தலைவர். சந்தாப் பணத்தில் மலிவு விலை தானியக் கடையும் நூலகமும் நடந்தன. 30 நிமிட இடைவேளை 40 நிமிடம் ஆனது. பத்து நிமிஷம்தானே என்று நினைக்காதீர்கள். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் மனுஷன் மனுஷனாக உட்கார்ந்து சாப்பிட முடியும்!

1919-இல் வாஷிங்டனில் நடந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கும் போனார். ஆனால் 1920-இல் கம்பெனி அவர் மீதே சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பது புகார். தடை உத்தரவும் வந்தது. கடைசியில் அவர் சங்கத்தை விட்டு விலகுவது, வழக்கு வாபஸ் என்று முடிந்தது. சங்கம் நடத்தினால் கோர்ட்டா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

அவர் போன பிறகு, 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களே ஜாதியாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வெளியூர்க்காரர் ஒருவர் புரிந்துகொண்டதை, பக்கத்து மெஷினில் நின்றவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் புரிந்துகொள்ளாமல் போனார்களே!

வாடியா பின்னாளில் பெங்களூரில் உலகப் பண்பாட்டு நிலையத்தை நிறுவினார். 1958-இல் காலமானார்.

நண்பர்களே! பீங்கானும் சூளையும் உள்ள விருத்தாசலத்தில் படிக்கிறோம். நாளைக்கு நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம். நம் கீழே வேலை செய்பவர் அப்பா வயசுக்காரராக இருக்கலாம். தமிழ் தெரியாத பீகார், ஒடிசாக்காரராகவும் இருக்கலாம். பாஷை தெரியலைன்னா என்ன? பக்கத்தில் போவோம். சாப்பிட்டாச்சான்னு கேட்போம். அவர் சாப்பிட நேரம் இருக்கான்னு பார்ப்போம். நம்ம டிப்ளமோவுக்கு அதுதான் அழகு!