பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன்

பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் (ஜூன் 4, 1704 – ஜூன் 20, 1776) சுவீடன் இரும்பைக் கொண்டு, சவரக்கத்திக்கு ஏற்ற சீரான மூசை எஃகை உருவாக்கிய ஆங்கிலேயர் ஆவார். மூசையில் எஃகு செய்தல் தென்னிந்தியாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கிலிருந்ததால், கண்டுபிடிப்பாளர் என்ற பெயர் இவருக்கு ஐரோப்பிய அளவிலேயே பொருந்தும்.

லிங்கன்ஷயரின் எப்வர்த்தில் பிறந்த இவர், டான்காஸ்டரில் கடிகாரம் செய்து வந்தார். கடிகாரச் சுருள்வில்லுக்குக் கிடைத்த எஃகு இவருக்கு மனநிறைவு தரவில்லை. இரும்புப் பட்டைகளைக் கரியுடன் பல நாட்கள் சூடாக்கிப் பெறப்பட்ட அந்த எஃகில் கரிமம் புறத்தே மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருந்தது. 1740-களில் ஷெஃபீல்டு அருகே குடியேறி, அதே எஃகைக் களிமண் மூசையிலிட்டுக் கற்கரி உலையில் முழுதும் உருக்கினார். கரிமம் சீராகக் கலந்தது, கசடும் பிரிந்தது. ஏறத்தாழ 1,600 பாகை செல்சியசு வெப்பத்தைத் தாங்கும் மூசையைச் செய்வதே இதில் கடினமான பகுதி. பாஸ்பரசு குறைந்த சுவீடன் இரும்பே இம்முறைக்கு மிகவும் ஏற்றதாக இருந்தது.

அளவுக்கு மீறிக் கடினமானது எனக் கூறி ஷெஃபீல்டின் கத்தி செய்வோர் இவ்வெஃகை ஏற்க மறுத்தனர். எனவே ஹன்ட்ஸ்மன் அதைப் பிரான்சுக்கு விற்றார். அங்கு செய்யப்பட்ட கத்திகள் இங்கிலாந்துச் சந்தைக்கு வந்தபோது, மறுத்தவர்களே எஃகு ஏற்றுமதியைத் தடுக்க முயன்றனர். அம்முயற்சி பலிக்காததால், அவர்களும் அதையே வாங்கத் தொடங்கினர்.

ஹன்ட்ஸ்மன் காப்புரிமை பெறாமல் தம் முறையை இரகசியமாகக் காத்தார். சாமுவேல் வாக்கர் என்பவர் பிச்சைக்காரர் வேடத்தில் நுழைந்து அதை அறிந்துகொண்டதாகக் கூறுவர், இக்கதை ஐயத்துக்குரியது. எனினும் இரகசியம் வெளியானது. இவருக்குப் பின் மகன் வில்லியம் தொழிலைத் தொடர்ந்தார்.