ராபர்ட் புரூஸ் பூட்

ராபர்ட் புரூஸ் பூட் (செப்டம்பர் 22, 1834 – டிசம்பர் 29, 1912) ஆங்கிலேய நிலவியலாளரும் தொல்லியலாளரும் ஆவார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனக் கருதப்படுகிறார். 1858 இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1863, மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளைக்கல் குழி ஒன்றில் மனிதர் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டறிந்தார். அவ்விடத்துத் தொன்மையான கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011 இல் வெளியான ஆய்வு காட்டியது.

மட்கல ஓடுகள், சங்கு வளையல் துண்டுகள் போன்ற எளிய புழங்குபொருட்களையும் பூட் சேகரித்தார். ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தைக் குறித்து வைத்தமையே இத்தொகுப்பின் சிறப்பு. இடம் அறியப்படாத கல்லால் ஆய்வாளருக்குப் பயன் குறைவு. 1904 இல் இத்தொகுப்பு சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. அதற்கு அவர் எழுதிய விளக்கப் பட்டியல், அவர் இறந்த பின்னர் 1914 இல் வெளிவந்தது.