ஒளியின் வழியறிந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம்

கண் என்பது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். அதனை எவ்வாறு பேணினோம் என்று மறுமையில் நாம் வினவப்படுவோம். அந்த அமானிதத்தின் இயல்பை ஆராய்ந்த ஒரு பேரறிஞரின் வரலாற்றை இன்று அறிந்து கொள்வோமாக.

கி.பி. 965-ஆம் ஆண்டளவில் இராக்கின் பஸ்ரா நகரில் பிறந்தவர் அபூ அலீ அல் ஹஸன் இப்னுல் ஹைதம். கணிதத்தில் வல்லவரான அவர், நைல் நதியின் பெருக்கைத் தம்மால் சீர்ப்படுத்த இயலும் என்று, நதியைக் காணுமுன்பே கூறினார். எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய்யா கலீஃபா ஹாகிம் அதனைக் கேள்வியுற்று அவரை வரவழைத்தார். அஸ்வான் பகுதிவரை சென்று நதியை நேரில் கண்டபோதுதான், அது ஆகாத காரியம் என்பது அவருக்குப் புலனாயிற்று. வெட்கத்துடன் திரும்பித் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். பின்னர் கலீஃபாவின் சினத்துக்கு அஞ்சிப் பித்தரைப்போல் நடித்து, 1021-இல் ஹாகிம் மறையும்வரை வீட்டுக்காவலில் இருந்தார் என்று வரலாற்றாசிரியர் அல் கிஃப்தீ எழுதியுள்ளார். அதன்பின் அல் அஸ்ஹர் பள்ளிவாசலருகே தங்கி, கணித நூல்களைப் படியெடுத்து விற்று எளிமையாக வாழ்ந்தார். 1040-ஆம் ஆண்டளவில் மறைந்தார்.

காணாமல் கூறிய ஒரு சொல் எத்துணை விலை கொண்டது, பாருங்கள்! ஆனால், ஏழு பாகங்கள் கொண்ட அவரது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் சோதித்தறியாத சொல்லுக்கு அவர் இடந்தரவில்லை. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று முன்னோர் பலர் நம்பினர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுகிறது என்று அவர் நிறுவினார். வளைந்த ஆடியில் ஒளி எப்புள்ளியில் பட்டுத் திரும்பும் என்ற கடினமான கணக்கையும் ஆராய்ந்தார். அந்நூல் இலத்தீன் மொழியில் 1572-இல் பாஸல் நகரில் அச்சேறியது.

கண்ணின் முன்புறத்துள்ள தெளிந்த படலமாகிய கார்னியாவை அரபு மருத்துவர்கள் ‘கர்னிய்யா’, அதாவது கொம்பு போன்றது, என்றழைத்தனர். அதுவும் ஒரு குவிந்த ஆடியே. அவர் காலத்தில் இல்லாத கருவியொன்று இன்று கண் மருத்துவமனைகளில் உள்ளது. அது ஒளி வளையங்களை அப்படலத்தின்மீது விழச்செய்து, திரும்பும் பிம்பத்தைப் படமெடுக்கிறது. படலம் புடைத்த இடத்தில் வளையங்கள் நெருங்கும். கணிப்பொறி அதனை வண்ண வரைபடமாக்கும். படலம் மெலிந்து கூம்பாகும் ‘கெரட்டோகோனஸ்’ நோயை, பார்வை கெடுமுன்பே இதனால் கண்டுகொள்ள இயலும்.

திருவள்ளூர் மாவட்டத்து இளைஞர்களே! கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் உழைப்பவர்களே! இந்நோய் பெரும்பாலும் இளமையில்தான் தொடங்குகிறது. தூசியால் கண் அரித்தால் கசக்காதீர்கள். ஓயாமல் கசக்குவது இந்நோயை வளர்க்கும். கண்ணாடியின் பவர், குறிப்பாகச் சிலிண்டர் பவர், அடிக்கடி மாறுமானால் புதுக்கண்ணாடியோடு நின்றுவிடாதீர்கள். கண் மருத்துவரிடம் சென்று இந்தப் படத்தை எடுத்துப் பார்க்கக் கேளுங்கள். முற்றுமுன் கண்டறிந்தால், ரிபோஃபிளேவின் சொட்டு மருந்தும் புறஊதா ஒளியும் கொண்டு படலத்தை உறுதிப்படுத்தி, நோயைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். முற்றிய பின்னரோ, சிலருக்கு மாற்றுப்படலம் பொருத்த நேரும்.

சோதிக்காமலேயே கண்ணுக்கு ஒன்றுமில்லை என்பதும், நைலைக் காணாமல் கூறிய சொல்லும் ஒன்றே. அப்பேரறிஞர் தம் தவற்றிலிருந்து பாடம் கற்றார், நாமும் கற்போமாக. அமானிதத்தைப் பேணும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.