சிறையில் கிடைத்த சொற்கள்

கடந்த விடுமுறையில் உம்மம்மாவோடு கிணற்றடியில் பேசிக்கொண்டிருந்தேன். எதைக் கேட்பதென்றாலும் அந்தச் சாமான், இந்தச் சாமான் என்றே கேட்டேன். உம்மம்மாவிடமோ ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. தென்னைக்குக் கீழே உதிர்ந்து கிடப்பது குரும்பட்டி, குலையில் இருப்பது இளநீர், இளநீரும் இல்லாமல் தேங்காயும் ஆகாமல் நடுவில் இருப்பது முட்டுக்காய் என்று சொல்லித் தந்தார். முட்டுக்காய் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாக வாயால் சொல்லிப் பார்த்தேன். ஏனோ மனதுக்குச் சந்தோசமாக இருந்தது. அப்போதுதான் நான் வாசித்த மல்கம் எக்ஸின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது. சொற்களைத் தேடிச் சேர்த்ததால் வாழ்வே மாறிய மனிதர் அவர்.

மல்கம் 1925 மே 19 ஆம் திகதி அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பிறந்தார். தந்தை கிறிஸ்தவ போதகர். கறுப்பின மக்கள் தலைநிமிர்ந்து வாழ வேண்டும் என்று பேசிவந்தவர். மல்கமுக்கு ஆறு வயதானபோது தந்தை ட்ராம் வண்டியில் அடிபட்டு இறந்தார். வெள்ளை இனவாதிகளே அவரைக் கொன்றார்கள் என்று குடும்பத்தினர் நம்பினர். தாய் வறுமையோடு தனியே போராடிக் களைத்து, இறுதியில் மனநல வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தனர்.

ஆனாலும் மல்கம் நன்றாகப் படித்தார். வெள்ளையர் நிறைந்த வகுப்பில் வகுப்புத் தலைவராகவும் தெரிவானார். ஒருநாள் அவர் தனது ஆசிரியரிடம் சட்டத்தரணியாக வரும் ஆசையைச் சொன்னார். கறுப்பினப் பிள்ளைக்கு அந்த ஆசை பொருந்தாது, தச்சுவேலை பழகுவதே நல்லது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளையின் மனம் அன்றே பாடசாலையை விட்டு விலகிவிட்டது. இதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

பின்னர் பொஸ்டன், ஹார்லம் தெருக்களில் தீய நட்பிலும் குற்றங்களிலும் அவரது இளமை கழிந்தது. 1946 இல், இருபத்தொரு வயது நிறையும் முன்பே, திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்றார்.

சிறையில் பிம்பி என்று அழைக்கப்பட்ட மூத்த கைதி ஒருவர் இருந்தார். அவர் பேசத் தொடங்கினால் மற்றக் கைதிகள் சுற்றி நின்று கேட்பார்கள். காவலர்கள்கூடக் காது கொடுப்பார்கள். கையில் பணமோ ஆயுதமோ இல்லாமல் வெறும் சொற்களால் ஒருவர் மதிப்புப் பெறுவதை மல்கம் அங்கேதான் கண்டார். நூலகத்தைப் பயன்படுத்தும்படி பிம்பி அவருக்குப் புத்தி சொன்னார்.

1948 இல் நல்ல நூலகம் உள்ள நோர்போக் சிறைக்கு மல்கம் மாற்றப்பட்டார. அங்கிருந்து கடிதங்கள் எழுத முயன்றபோதுதான் தன் குறை அவருக்கு விளங்கியது. தெருவில் யாரையும் பேச்சால் வெல்லக்கூடியவருக்கு, காகிதத்தில் ஒரு வசனம் ஒழுங்காக வரவில்லை. புத்தகத்தைத் திறந்தாலும் பாதிச் சொற்கள் விளங்கவில்லை.

எனவே அகராதி ஒன்றையும் எழுதுதாள்களையும் பென்சில்களையும் கேட்டு வாங்கினார். எந்தச் சொல்லைப் படிப்பதென்று தெரியாமல், முதற் பக்கத்தை நிறுத்தற்குறிகளோடு அப்படியே பார்த்து எழுதினார். அதற்கே ஒருநாள் பிடித்தது. எழுதியதைச் சத்தமாக வாசித்தார். மறுநாள் விழித்தபோதும் அந்தச் சொற்களே மனதில் நின்றன. நிலத்தில் வளை தோண்டிக் கறையான் தின்னும் ஆபிரிக்க விலங்கான ஆர்ட்வார்க் அந்த முதற் பக்கத்தில் இருந்தது. பல வருடங்களின் பின்னும் அவர் அதை மறக்கவில்லை. இவ்வாறே பக்கம் பக்கமாக முழு அகராதியையும் எழுதி முடித்தார்.

அதன்பின் புத்தகங்கள் அவருடன் பேசத் தொடங்கின. இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்ததும், நடைபாதையிலிருந்து வரும் மங்கிய வெளிச்சத்தில் தரையில் இருந்து வாசிப்பார். காவலரின் காலடி கேட்டால் கட்டிலில் ஏறித் தூங்குவதுபோல் கிடப்பார். கண் பழுதாகி மூக்குக்கண்ணாடியும் அணிய நேர்ந்தது. சிறைக்குள் நடந்த விவாதங்களில் கலந்துகொண்டு தான் சேர்த்த சொற்களைப் பேசிப் பழகினார். அந்த ஆண்டுகளில் தான் சிறையில் இருப்பதையே மறந்து, விடுதலை பெற்றவர்போல் உணர்ந்ததாக அவர் பின்னர் நினைவுகூர்ந்தார்.

1952 இல் வெளியே வந்தவர் பெரும் பேச்சாளரானார். ஆனால் கற்ற கடினமான சொற்களை மேடையில் அள்ளி வீசவில்லை. ஹார்லம் தெருவில் நிற்பவருக்கும் விளங்கும்படி எளிமையாகவே பேசினார். என்னை அதிகம் கவர்ந்தது இதுதான்.

சிறையில் அவர் இணைந்த நேஷன் ஒஃப் இஸ்லாம் இயக்கம், வெள்ளையர் எல்லோரும் தீயவர்கள் என்று போதித்தது. 1964 இல் அவர் அதிலிருந்து விலகி ஹஜ்ஜுக்குச் சென்றார். அங்கே மீண்டும் மாணவரானார். அரபு மொழி தெரியாது, தொழுகையின் முறையும் சரியாகத் தெரியாது. வெட்கப்பட்டாலும் சிறு பிள்ளைபோல் பார்த்துப் பார்த்துக் கற்றார். எல்லா நிறத்தவரும் ஒரே தட்டில் உண்பதைக் கண்டு, தனது பழைய கருத்து பிழை என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் என்ற பெயரோடு திரும்பினார். 1965 பெப்ரவரி 21 ஆம் திகதி நியூயோர்க்கில் உரையாற்ற எழுந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் எல்லாவற்றின் பெயர்களையும் கற்றுக்கொடுத்ததாக அல்குர்ஆனில் படிக்கிறோம். பெயர் அறிவது மனிதனுக்குக் கிடைத்த முதல் அறிவு. அதை நாம் ஏன் சாமான் என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம்?

இப்போது நானும் ஒரு சிறு கொப்பி வைத்திருக்கிறேன். ஒரு புதிய சொல் கிடைத்தால், அன்று இரவு தூங்கும் முன் அதை யாரிடமாவது பேசிவிட வேண்டும் என்பது என் விதி. முதற் பக்கத்தில் முட்டுக்காய் இருக்கிறது. அன்றிரவே உம்மாவிடம் அதைச் சொன்னேன். சின்ன வயதில் கேட்ட சொல் என்று உம்மா சிரித்தார். பிறகு தனக்குத் தெரிந்த இன்னும் நான்கு சொற்களைச் சொன்னார். தோழிகளே, உங்கள் வீட்டிலும் அப்படிச் சொற்கள் இருக்கும். ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.