கேமரா வெறும் சாக்கு, காசு ரீலில்: ஜார்ஜ் ஈஸ்ட்மேன் கதை

ஃபோனில் தள்ளித் தள்ளிப் பார்க்கிறோமே ரீல்ஸ், அந்தப் பெயரின் ஆணிவேரைத் தேடினால் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் போய் நிற்போம். அதைக் கட்டியவர் ஜார்ஜ் ஈஸ்ட்மேன்.

பிறந்தது 1854. எட்டு வயதுக்குள் அப்பா போய்விட்டார். 14 வயதில் பள்ளியை விட்டு, இன்சூரன்ஸ் ஆபீஸில் வாரம் 3 டாலருக்கு எடுபிடி வேலை. பிறகு வங்கி குமாஸ்தா. பகலில் கணக்கு எழுதிவிட்டு, ராத்திரி அம்மாவின் சமையலறையில் ரசாயனம் கலக்குவார். அன்று போட்டோ எடுக்க கண்ணாடித் தகடுதான். 1880-ல் உலர் தகடு தயாரிக்கத் தொடங்கினார்.

இரண்டே வருஷத்தில் பெரிய அடி. விற்ற தகடுகளில் படமே விழவில்லை. எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு புதுசு கொடுத்தார், கையிருப்பு கிட்டத்தட்ட காலி. காரணம், ஜெலட்டின் வேறு இடத்திலிருந்து வந்திருந்தது. மாட்டு எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் இந்தப் பசையில் என்ன குறை என்பது 1920களில்தான் அவர் நிறுவன விஞ்ஞானிகளுக்கே புரிந்தது. மாடு கடுகு மாதிரிச் செடிகளை மேய்ந்திருந்தால் ஜெலட்டினில் கொஞ்சம் கந்தகம் சேரும். அது இருந்தால்தான் ஃபிலிம் ஒளியை நன்றாகப் பிடிக்கும். சினிமாவின் தலையெழுத்து மாட்டுத் தீவனத்தில் இருந்திருக்கிறது!

1888-ல் கோடக் கேமரா வந்தது. விலை 25 டாலர், உள்ளேயே 100 படத்துக்கான சுருள். எடுத்து முடித்ததும் கேமராவையே அனுப்பிவிடணும். 10 டாலருக்குப் படம் கழுவி, புதுச் சுருள் போட்டுத் தருவார்கள். மூணு தடவை அனுப்பினாலே கேமரா விலையைத் தாண்டிவிடும். யானையைக் கட்டித் தீனி போடுற கதைதான். பிரிண்டர் வாங்கிவிட்டு மைக்கு அழுகிறவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

அந்த முதல் சுருள் காகிதம். 1889-ல் அவரிடம் வேலை பார்த்த ரைசன்பாக் என்ற வேதியியலாளர் செல்லுலாய்டு ஃபிலிமை உருவாக்கினார். எடிசனின் ஆய்வகத்தில் டிக்சன் அதை 35 மி.மீ. அகலத்துக்கு வெட்டி ஓரத்தில் துளை போட்டார். சினிமா ரீல் பிறந்தது. பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்காக லண்டனில் கேமரா வாங்கியபோதும், ஃபிலிமுக்கு ஆர்டர் போனது கோடக்குக்குத்தான்.

ஆனால் ஹானிபல் குட்வின் என்ற பாதிரியார் இதே மாதிரி ஃபிலிமுக்கு 1887-லேயே காப்புரிமை கேட்டிருந்தார். கிடைத்தது 1898-ல், பதினொரு வருஷம் கழித்து. 1900-ல் அவர் இறந்துவிட, உரிமையை வாங்கிய நிறுவனம் வழக்கை நடத்தியது. 1914-ல் ஈஸ்ட்மேன் நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அதற்குள் சந்தை அவர் கையில். என் கணக்கில் அவருக்கு இது மலிவான பேரம்.

இன்னொரு விலையும் உண்டு. அந்த நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது, எரிய வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. தீப்பிடிக்காத மாற்றை அவர் நிறுவனமே 1910-ஐ ஒட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சீக்கிரம் கிழிகிறது என்று தியேட்டர்கள் ஒதுக்கிவிட்டன. 1950களின் தொடக்கம் வரை நைட்ரேட் ஓடியது. 2003-ல் புனேயில் நம் தேசிய திரைப்பட ஆவணக்காப்பகத்தின் பழைய படச்சுருள்கள் தீயில் போனதற்கும் பின்னால் இருந்தது இதே ஃபிலிம்தான்.

ஈஸ்ட்மேன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பாதித்ததில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டார். எம்.ஐ.டி.க்கு ‘ஸ்மித்’ என்ற பெயரில் ரகசியமாகவே பணம் போனது. முதுகுத்தண்டு நோயால் நடக்கவே சிரமப்பட்டவர், 1932 மார்ச் 14 அன்று 77 வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். அங்குள்ள தியேட்டரில் அந்த நைட்ரேட் ரீல்களை இன்றும், தகுந்த பாதுகாப்போடு, ஓட்டிக் காட்டுகிறார்கள்.