உழைப்பாளர் சிலையை வடித்த ஜமீன் வீட்டுப் பிள்ளை

சென்னைக் கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்தச் சிலையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. எதிரே ஒரு பெரிய பாறை. அதை நான்கு ஆண்கள் நெம்பித் தள்ளுகிறார்கள். இடுப்பில் துண்டுத் துணிதான். முதுகு வளைந்திருக்கிறது. தசைகள் முறுக்கேறி நிற்கின்றன.

அதுதான் உழைப்பாளர் சிலை. அதைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அதை வடித்தவரின் பெயரைத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. அவர்தான் தேவி பிரசாத் ராய் சவுத்ரி.

களிமண்ணில் ஆசை

அவர் 1899-ம் ஆண்டு வங்காளத்தில், ரங்கப்பூரை அடுத்த தாஜ்ஹாட்டில் பிறந்தார். இன்று அந்த ஊர் வங்காளதேசத்தில் இருக்கிறது.

அவருடையது ஜமீன் குடும்பம். கையில் அழுக்குப் படாமல் வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவருடைய மனம் வர்ணத்திலும் களிமண்ணிலும் சென்றது. அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றார். ஹிரண்மய ராய் சவுத்ரியிடம் சிற்பம் கற்றார்.

மல்யுத்தத்திலும் அவருக்குப் பழக்கம் உண்டு. புல்லாங்குழல் வாசிப்பார். வங்க மொழியில் கதைகளும் எழுதினார். பாரத்தைத் தள்ளும்போது மனித உடம்பு என்ன பாடு படும் என்பது, மல்யுத்தம் பழகியவருக்குத் தெரியாதா?

முதல் இந்தியர்

1929-ல் அவர் சென்னைக் கலைப் பள்ளியின் தலைவரானார். எழும்பூரில் உள்ள அந்தப் பள்ளி 1850-ல் தொடங்கப்பட்டது. அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1957 வரை 28 ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். புகழ் பெற்ற ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும், சிற்பி தனபாலும் அவருடைய மாணவர்கள்.

காவலாளி சிலையானார்

அந்த நாட்களில் சிலை என்றால் அரசருக்கு வைப்பார்கள்; கவர்னருக்கு வைப்பார்கள். சென்னையிலேயே மன்றோ துரை குதிரை மேல் கம்பீரமாக வீற்றிருக்கிறார்.

ராய் சவுத்ரியோ பெயரில்லாத கூலியாட்களுக்குச் சிலை வடித்தார். அதற்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர், அவருடைய பள்ளியின் காவலாளி. வாசலில் காவல் நின்ற அந்த எளிய மனிதர், கடற்கரையில் வெண்கலமாக நிற்கிறார்! 1959-ம் ஆண்டு ஜனவரியில் அந்தச் சிலை திறக்கப்பட்டது. அதே கடற்கரையில் உள்ள காந்தி சிலையும் அவர் வடித்ததே.

ஏழு மாணவர்கள்

பாட்னாவிலும் அவருடைய கைவண்ணம் இருக்கிறது. 1942 ஆகஸ்டு 11-ந் தேதி, அங்குள்ள தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடி ஏற்றச் சென்ற ஏழு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராய் சவுத்ரி அந்த ஏழு பேரையும் சிலையாக வடித்தார். சாய்கிறவர்கள் சாய்கிறார்கள், கொடி மட்டும் சாயவில்லை.

1954-ல் லலித கலா அகாடமியின் முதல் தலைவரானார். 1958-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1975-ல் மறைந்தார்.

பெயரைச் சொல்லுங்கள்

இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில்தான். அதே கடற்கரையில் உழைப்புக்கு ஒரு சிலை நிற்பது பொருத்தமே.

பெயரில்லாத உழைப்பாளிகளை ஊரே பார்க்கும்படி நிறுத்தினார் ராய் சவுத்ரி. அவருடைய பெயரை ஊர் மறக்கலாமா? அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, பிள்ளைகளுக்குச் சிலையைக் காட்டுங்கள். சிற்பியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.