பாலித் தீவின் இசையை எழுதி வைத்தவர்

நியூயார்க் நகரில் சில இசைத்தட்டுகள் சுழன்றன. கேட்டுக் கொண்டிருந்த வாலிபர் சொக்கிப் போனார்.

வெண்கலத் தகடுகளைச் சுத்தியலால் தட்டும் ஓசை அது. பாலித் தீவில் 1928-ல் பதிவான 'காமெலான்' இசை.

வாலிபரின் பெயர் காலின் மெக்பீ. கனடாவில் மாண்ட்ரீல் நகரில் 1900-ல் பிறந்தவர். பியானோ வித்துவான்; இசை அமைப்பாளர்.

இசைத்தட்டு போதவில்லை. நேரில் கேட்க ஆசை. 1931-ல் மனைவி ஜேனுடன் பாலிக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது அங்கே டச்சுக்காரர் ஆட்சி.

அலை போன்ற ஓசை

பாலியில் ஊருக்கு ஊர் இசைக்குழு உண்டு. உழவர்கள்தான் வித்துவான்கள். பகலில் வயல் வேலை, இரவில் வாசிப்பு.

கருவிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்றின் சுருதி மற்றதை விடச் சற்றே உயரம். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஓசை நடுங்கும். அதை 'அலை' என்றே பாலி மக்கள் சொல்வார்கள்.

உருகிய கருவிகள்

அப்போது புது மோகம் ஒன்று பரவியிருந்தது. 'கெபியார்' என்று பெயர். மின்னல் வேக வாசிப்பு! அதற்காகப் பழைய கருவிகளை உருக்கிப் புதிதாக வார்த்தார்கள். கருவியோடு பழைய மெட்டுகளும் மறைந்தன. அவை முதியவர்களின் நினைவில்தான் இருந்தன.

மெக்பீ பதறினார். சயான் கிராமத்தில் வீடு கட்டினார். வித்துவான்கள் வாசிக்க, இவர் சுரம் சுரமாக எழுதினார். ராஜாக்களின் பள்ளியறை அருகே வாசித்த பழைய இசைக்கு ஒரு குழுவே அமைத்தார். லுன்யு என்ற வித்துவான் கற்றுக் கொடுத்தார்.

செலவுப் பணம் பெரும்பாலும் மனைவியுடையது. இதையும் சொல்ல வேண்டும்.

ஊர்ச் சிறுவர்களும் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு நாலே சுரம் கொண்ட சின்னக் கருவிகள் கிடைத்தன. வாத்தியார் விளக்கம் சொல்வதில்லை. வாசித்துக் காட்டுவார். பையன்கள் பார்த்தே பிடித்துக் கொண்டார்கள்!

வெள்ளத்தில் வந்த நட்பு

ஒருநாள் ஆற்றில் திடீர் வெள்ளம். மெக்பீ சிக்கிக் கொண்டார். சம்பி என்ற சிறுவன் அவரைக் கரை சேர்த்தான்.

அவனுக்கு நடனம் கற்க மெக்பீ ஏற்பாடு செய்தார். 1952-ல் சம்பி அமெரிக்க மேடைகளில் ஆடிப் புகழ் பெற்றார். 1954-ல் பாலியில் கொலையுண்டார்.

திரும்பாத பயணம்

1936-ல் மெக்பீயின் 'தபு தபுஹான்' மெக்சிகோ நகரில் அரங்கேறியது. மேல்நாட்டு வாத்தியங்களில் பாலியின் துள்ளல்!

1938 கடைசியில் பாலியை விட்டுக் கிளம்பினார். பிறகு அந்த மண்ணை மிதிக்கவில்லை. மனைவியும் பிரிந்தார்.

அமெரிக்காவில் வறுமை வாட்டியது. ஆனால் குறிப்புகளை அவர் கைவிடவில்லை. பாலி இசை பற்றிய பெரிய புத்தகம் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. 1960-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது.

1964 ஜனவரி 7-ந் தேதி மெக்பீ காலமானார். நானூறு பக்கத்துக்கு மேல் கொண்ட அந்தப் புத்தகம் 1966-ல் வெளிவந்தது.